தராசு காட்டாத இடம்

போன வாரம் அண்ணனை ஸ்கேன் அறைக்குள் அனுப்பிவிட்டு, அம்மாவை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பாவம், அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நடுவில் ஒரு டீ குடித்தாள், அவ்வளவுதான்.

இப்போதுதான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை. அப்பா தராசு மெக்கானிக். கல்லீரல் கெட்டு, கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மனிதர் ஆயுசில் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஆனாலும் கல்லீரல் என்று காதில் விழுந்ததுமே, பார்க்க வருகிறவர்களின் முகத்தில் ஒரு அர்த்தம் எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. அம்மாவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. கொழுப்பு படிந்து படிந்து கெட்ட கல்லீரல் என்று டாக்டரம்மா சொன்னபோது அப்பா சண்டைக்கே போய்விட்டார். கல்யாணத்தன்று என்ன எடையோ அதே எடைதான் நோய் வரும்வரை இருந்தேன், சந்தேகமிருந்தால் கடைக்கு வந்து முள்ளைப் பாருங்கள் என்றார்.

சொந்தத்தில் ஒருவர் தன் கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டிக் கொடுத்தால் அப்பா பிழைப்பார். கொடுத்தவருக்கு அது திரும்ப வளர்ந்துவிடும். ஆனால் காத்திருக்க நேரமில்லை.

யார் கொடுப்பது என்று வீட்டில் கூடிப் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது? கடையில் ஒரு பெரிய மேடைத் தராசு உண்டு. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை குடும்பமே வரிசையில் நின்று அதில் ஏற வேண்டும். அப்பா எடையைச் சத்தமாகப் படிப்பார். அண்ணன் ஏறினால் "பேஷ்" என்பார். அவனுக்கு வீட்டில் குச்சி என்று பேர். தங்கை ஏறும்போது மட்டும், மேடைக்கு வலிக்குமே என்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "மூட்டை ஏறுது, தள்ளிக்குங்க" என்பார். கடைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். அப்படி விழுந்த பேர்தான் மூட்டை. முப்பது வயதைத் தாண்டியும் அந்தப் பேர் அவளை விட்டபாடில்லை. அதனால் கல்லீரல் என்றதும் எல்லாக் கண்ணும் குச்சியின் பக்கம் திரும்பியது. மூட்டையின் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், மூட்டைக்கே தோன்றவில்லை.

இன்று காலை அவள் வேலையில் இருந்தாள். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறாள். படிக்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார், பக்கத்து சீட்டில் இவள் இருப்பாள், இவள் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்த இரண்டாவது பிரேக்தான் இவள் பிழைப்பு. இன்றைக்கு வந்தவர் ஒரு பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் தைரியமாகத் திறக்கச் சொல்கிற மனிதர், எதிரே ஒரு லாரி வந்தால் தன் கண்ணை மூடிக்கொள்வார்.

வளைவில் திரும்பும்போது அம்மா போன் செய்தாள். இவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"வேணாம்னுட்டாங்க," என்றாள் அம்மா.

"யாரை?"

"உன் அண்ணனை. பொருந்தலையாம். அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கறாங்க. அவனும் வாயைத் திறக்கல. எங்கயோ எழுந்து போயிட்டான்."

வண்டி குலுங்கி நின்றது. நான் ஒண்ணும் பண்ணலையே என்று பல் டாக்டர் பதறினார். பண்ணியது இவள் கால்தான். அவரை நகரச் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கில் இவள் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் ஓடியது. பொருந்தவில்லை.

அந்த வார்த்தையை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். போன வாரம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னானே, நினைவிருக்கிறதா? தானம் கொடுக்க வருகிறவரைத் தனியறையில் உட்கார வைத்து, உனக்கு உண்மையிலேயே சம்மதமா என்று கேட்பார்களாம். பயமாக இருக்கிறது, முடியாது என்றால் கட்டாயப்படுத்த மாட்டார்களாம். வெளியே வந்து குடும்பத்திடம் 'பொருந்தவில்லை' என்று மட்டும் சொல்வார்களாம். காரணத்தை யார் கேட்டாலும் மூச்சு விட மாட்டார்களாம். "நல்ல ஏற்பாடு இல்ல?" என்று கேட்டான். அன்றைக்கு இவளும் சிரித்தாள். இப்போது அதை நினைத்துத்தான் ஆக்ஸிலேட்டரை அழுத்தினாள்.

கேன்டீனின் கோடி மேசையில் இருந்தான் அண்ணன். எதிரே டீ ஆடை கட்டிக் கிடந்தது. தொளதொளவென்று ஒரு சட்டை. எப்போதும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவான்.

அவள் உட்காரவில்லை. ரத்த குரூப் ஒன்று, வயது சரி, உடம்பு சரி, அப்புறம் எது பொருந்தவில்லை என்று கேட்டாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் பக்கத்து மேசைக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"கல்லீரல்ல கொழுப்பாம்," என்றான்.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல. "வேற ஏதாவது சொல்லு. அதை நான் சொன்னா ஊரே நம்பும். நீ சொன்னா யார் நம்புவா? உன் மணிக்கட்டைப் பாரு, என் விரல் ரெண்டு பத்தாது அதுக்கு. பயமா இருந்துச்சுன்னா பயமா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போ. எனக்கும்தான் பயமா இருந்திருக்கும்."

அவன் எழுந்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டையை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்து இறுக்கினான். பிறகு மூச்சை விட்டான்.

அந்த மூச்சை எத்தனை வருஷமாகப் பிடித்து வைத்திருந்தானோ. குச்சிக் கைக்கும் குச்சிக் காலுக்கும் நடுவில், சட்டைக்குள் குடம் ஒன்றை ஒளித்து வைத்த மாதிரி உருண்டு திரண்டு நின்றது வயிறு. கட்டியான, இறுகிய வயிறு. வேலை பார்க்கிற டிராவல் ஏஜென்சி நாற்காலியில் விடிந்ததும் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருக்கிறவனின் வயிறு. அதே வயிற்றை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். நோய் வருவதற்கு முன் அப்பாவுக்கு அச்சாக இப்படித்தான் இருந்தது. தராசில் ஏறும்போது அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். மூச்சைப் பிடித்தால் முள் இறங்குமா என்று அம்மா கிண்டல் செய்வாள்.

"அப்பாகிட்ட சொல்லாத," என்றான் அண்ணன்.

"ஏன்?"

"பயந்து ஓடிட்டான்னே நெனச்சுக்கட்டும். அவருக்கு வந்தது எனக்கும் ஆரம்பிச்சிருக்குன்னு தெரிஞ்சா, நாம என்ன குடுத்தாலும் அவர் எழுந்திருக்க மாட்டார்."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஆனால் சந்தேகம் முழுசாக விடவில்லை. கோழைக்கும் இது வசதியான கதைதானே? அது அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். வா, டாக்டரம்மாவிடமே கேட்டுக்கோ, உன்னிடம் மட்டும் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டேன் என்றான்.

டாக்டரம்மா குள்ளமான, வேகமான பெண்மணி. மேசை மேல் இருந்த எடைக் குறிப்புகளையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். கல்லீரல் எது, அதில் கொழுப்பு எது என்று பேனாவால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இதை வெட்டி உங்கள் அப்பாவுக்கு வைத்தால் அவருக்கும் உதவாது, இவருக்கும் ஆபத்து என்றார். அண்ணன் பக்கத்து நாற்காலியில் தலையைக் குனிந்தபடி இருந்தான். மார்க் வாங்காத பிள்ளையைப் பெற்றோருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தால் இருக்குமே, அந்த மாதிரி.

இவ்வளவு ஒல்லியாக இருக்கிறவனுக்கு எப்படி என்று மூட்டை கேட்டாள்.

"எவ்வளவு கொழுப்புங்கறது ஒரு கேள்வி. அது எங்க இருக்குங்கறது வேற கேள்வி," என்றார் டாக்டரம்மா. "தொடையிலயும் பின்பக்கமும் தோலுக்கடியில சேர்றது பெரும்பாலும் சேர்ந்த இடத்துலயே சும்மா கிடக்கும். வயித்துக்குள்ள, குடலைச் சுத்திச் சேர்றது அப்படி இல்ல. அது கல்லீரலுக்குப் பக்கத்து வீடு. சும்மா இருக்காது. கல்லீரல், சர்க்கரை, இதயம்னு எல்லாத்துலயும் போய்க் கை வைக்கும். எடை மெஷின் மொத்தத்தைத்தான் சொல்லும், இடத்தைச் சொல்லாது."

அப்பாவின் கடை முழுக்க எத்தனை தராசு என்று அவளுக்கு நினைவு வந்தது. அத்தனையும் துல்லியம். அப்பா கை வைத்த தராசு தலைமுடி எடைகூடத் தப்பாது. அத்தனையும் சேர்ந்து இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கின்றன.

அண்ணனுடையது இப்போதே கவனித்தால் சரியாகக்கூடியது என்று டாக்டரம்மா சொன்னார். அப்பா கவனிக்காமல் விட்டதுதான் இங்கே வந்து நிற்கிறது. பிறகு இவளை மேலும் கீழும் பார்த்தார். மற்றவர்கள் பார்க்கிற மாதிரி இல்லை அது.

"நீங்க இந்த வீட்டுப் பொண்ணுதானே? உங்க ரத்த குரூப்?"

"அப்பாவோடதுதான்."

"அப்புறம் ஏன் உங்களை யாரும் கூட்டிட்டு வரல?"

"எங்க வீட்ல என்னை மூட்டைன்னு கூப்பிடுவாங்க," என்றாள். அதுவே பதில் என்று நினைத்துத்தான் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

தட்டில் இருந்த கட்டுத் துணிச் சுருளை எடுத்தார். இருவரையும் சுவரோரம் நிற்க வைத்து, அவரவர் உயரத்துக்கு ஒரு துண்டு வெட்டினார். அதைச் சரிபாதியாக மடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே வயிற்றைச் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். உயரத்தில் பாதிக்குள் வயிறு அடங்கினால் நல்லது, அவ்வளவுதான் கணக்கு. மூட்டைக்கு இரண்டு முனையும் தொட்டு, ஒரு விரல் மிச்சமும் விழுந்தது. அவள் பெருத்ததெல்லாம் அதற்குக் கீழே. அண்ணனுக்கு எவ்வளவு இழுத்தும் முனைகள் சேரவில்லை. நடுவில் நாலு விரல் வயிறு தெரிந்தது.

இதை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது, குண்டாக இருப்பது நல்லது என்றும் நான் சொல்லவில்லை, உள்ளே பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனுக்குள் தள்ளினார்கள். அந்தக் குழாய்க்குள் படுத்துக்கொண்டு மூச்சைப் பிடி, விடு என்று குரல் சொன்னபோதெல்லாம், இதற்குள்ளும் ஒரு முள் இருக்கிறது, அது ஏதோ சொல்லப்போகிறது என்று அவள் பயந்தாள். இங்கேயும் யாராவது சத்தமாகப் படித்துவிடுவார்களோ?

யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. மாலையில் டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு, கல்லீரல் சுத்தமாக இருக்கிறது என்று மெல்லச் சொன்னார். எடை கொஞ்சம் அதிகம்தான், ஆனால் தடையில்லை. இன்னும் சில பரிசோதனைகள் பாக்கி. முதல் கதவு திறந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் அந்தத் தனியறை. ஆலோசகர் என்று ஒருவர், நரைத்த மீசை, கையில் பேனாகூட இல்லை. யாராவது உங்களை வற்புறுத்துகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றாள். வேண்டாம் என்று தோன்றினால் இங்கேயே சொல்லிவிடலாம், வெளியே 'பொருந்தவில்லை' என்றுதான் சொல்வோம், உங்கள் அம்மாவுக்குக்கூடக் காரணம் தெரியாது என்றார்.

மூட்டைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அப்போது பதினாலு வயது. கூடப் படிக்கிற பெண் ஒருத்தி தன் அப்பாவோடு கடைக்கு வந்திருந்தாள். வேண்டாம்பா என்று இவள் கண்ணால் கெஞ்சினாள். அப்பாவுக்கு அன்றைக்கு உற்சாகம். வழக்கத்தைவிடச் சத்தமாகவே படித்தார். மறுநாள் பள்ளிக்கூடம் முழுக்க அந்த எண்ணால்தான் அவளைக் கூப்பிட்டார்கள். இப்போது ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. கணக்குத் தீர்ந்துவிடும்.

"எனக்கு அவர் மேல கோபம் இருக்கு," என்றாள். "கோபத்தோட குடுக்கலாமா?"

"கோபம் இருந்தா பரவாயில்லம்மா. பயம் இருந்தா சொல்லுங்க."

"பயமும் இருக்கு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அவர் இருக்கணும். இருந்தாத்தானே நான் சண்டை போட முடியும். குடுக்கறேன் சார்."

அவள் வெளியே வந்தாள். அண்ணன் எழுந்து நின்றான். அவள் தலையசைத்தாள். அவன் அவள் கைப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அம்மா ஜன்னலோரம். யாரும் யாரோடும் பேசாத அறை என்பது உள்ளே நுழையும்போதே தெரிந்தது. காலடி கேட்டு அப்பா திரும்பினார். மஞ்சள் கண் அண்ணன் மேல் நின்றது.

"ஏன்டா இன்னும் இங்கயே சுத்திட்டிருக்க?" என்றார். பேச்சு இழுத்து இழுத்துத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் குத்தியது. "பிள்ளைகுட்டிக்காரன். உடம்பைப் பத்திரமாப் பாத்துக்க. வீட்டுக்குப் போ."

அண்ணன் சட்டையை முன்பக்கம் தளர்த்திவிட்டுக்கொண்டான். அவ்வளவு பெரிய பழியை இவ்வளவு அமைதியாக வாங்கிக்கொள்கிறவனையா காலையில் கோழை என்று நினைத்தோம் என்று மூட்டைக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. ஆனால் அப்பாவிடம் சொல்லாதே என்று அவனே கேட்டிருக்கிறான். சொல்ல முடியாது.

அப்பா, நான் தருகிறேன், என் கல்லீரல் சரியாக இருக்கிறதாம் என்றாள்.

அம்மா ஜன்னலை விட்டுத் திரும்பினாள். அப்பா சிரிக்கப் பார்த்தார். "நீயா? உன் எடைக்கு மயக்க மருந்தே லிட்டர் கணக்குல வேணுமே." பழக்கதோஷம். சொன்ன பிறகு அவர் முகமே சுருங்கியது.

மூட்டை அண்ணன் தோளில் இருந்த தன் கைப்பையிலிருந்து அந்தத் துணித் துண்டை எடுத்தாள். தலையிலிருந்து தரை வரை பிடித்துக் காட்டினாள். பாதியாக மடித்து வயிற்றைச் சுற்றினாள். முனைகள் தொட்டன, ஒரு விரல் மிச்சம். அப்பாவின் கண் அந்த மிச்சத்திலேயே நின்றது. அளவுக் கருவி எதுவாக இருந்தாலும் அவருக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

"என்ன அளவு அது?"

உயரத்தில் பாதிக்குள் வயிறு அடங்குகிறதா என்று பார்க்கிற அளவு என்றாள். வயிற்றுக்குள் கொழுப்பு இருக்கிறவர்களுக்கு அடங்காதாம். எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம்.

பிறகு, யாரும் எதிர்பார்க்கவில்லை, அண்ணன் தன் சட்டைப் பையிலிருந்து தன் துண்டை எடுத்தான். மடித்தான். சட்டையைத் தூக்கி, மூச்சை விட்டு, வயிற்றைச் சுற்றிப் பிடித்தான். முனைகள் சேரவில்லை.

அப்பா அந்த நாலு விரல் இடைவெளியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தராசு ஏன் தப்பாகக் காட்டுகிறது என்று பார்த்தவுடன் பிடிக்கிற மனிதர் அவர். இது எந்த வயிறு, எங்கிருந்து வந்தது, எங்கே கொண்டுபோகும் என்று எல்லாம் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறியது. இவன் பயந்து ஓடவில்லை, ஓடவில்லை என்று தனக்குள் முணுமுணுத்தார். கையை நீட்டினார். அண்ணன் குனிந்தான். அப்பா அந்தக் குடத்தின் மேல் கை வைத்து, "இப்பவே பாத்துக்கடா," என்றார். கெஞ்சினார் என்றே சொல்லலாம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு மகளைப் பார்த்தார்.

"எனக்கு வேணாம்மா."

"ஏன்?"

"ஊரைக் கூட்டி வெச்சு உன்னை அதுல ஏத்தி ஏத்தி இறக்கினவன் நான். இப்ப எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உன்கிட்ட வாங்குவேன்?"

"இருக்கற மூஞ்சியை வெச்சுக்கிட்டுதான்," என்றாள் மூட்டை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் வழிந்து தலையணைக்குப் போனது. அவள் கட்டிலருகே குனிந்து, இரண்டு துணித் துண்டுகளையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"காலையில சர்ஜன் வந்து உங்ககிட்டயும் தனியாக் கேப்பார். இஷ்டமில்லைன்னு நீங்க சொன்னா, வெளியில வந்து எங்ககிட்ட பொருந்தலைன்னு மட்டும்தான் சொல்வாங்க," என்றாள். "அப்படிச் சொன்னாங்கன்னா நான் நம்ப மாட்டேன்பா."

ஊசி மாற்ற வந்த நர்ஸ், அப்பாவின் கையைப் பிரித்து அந்தத் துணியை எடுக்கப் பார்த்தாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. துணியை விடவும் இல்லை.